வேலைத்தளத்தில் மூலோபாயச் சிந்தனையை எவ்வாறு பழகுவது?

கொடுத்த வேலையைப் பிழையின்றி முடித்தும் முகாமையாளர் "மூலோபாயமாகச் சிந்தியுங்கள்" என்கிறாரே, அதை எப்படிப் பழகுவது என்று கேட்டிருந்தீர்கள்.

இன்றைய முடிவு சில வாரங்களின் பின்னர் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கேட்பதுதான் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக் கடையின் களஞ்சியப் பொறுப்பில் நான் இருந்தபோது, 25 நாள் நல்லூர்த் திருவிழாவுக்காகச் சேலைகளை நிறையத் தருவித்தோம். பாதித் திருவிழாவிலேயே வேட்டித் தட்டு வெறுமையாகிவிட்டது, கொழும்பு லொறியோ வந்து சேரவில்லை.

உளவியலாளர் கேரி கிளைன் 2007 இல் விளக்கிய முறை இங்கே மிகவும் உதவும்: தொடங்கவிருக்கும் திட்டம் தோற்றுவிட்டதாகவே எண்ணிக்கொண்டு, அதற்கான காரணங்களை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். வாயால் கேட்டால், இளையவர்கள் மூத்தவரின் முகத்தைப் பார்த்து அடங்கிவிடுவார்கள். ஆகவே எழுதுவதே முக்கியம். அடுத்த கொள்வனவுப் பட்டியலில் கையொப்பமிடும் முன் இதைச் செய்து பாருங்கள்.