பானெட்டுக்குள் பாலிஷ் போட்ட காரும் ஜாப் கார்டில் எழுதிய ஒரு வரியும்

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். மூன்று வருடப் பழைய பெட்ரோல் காரை விற்க நினைத்து, பானெட்டைத் திறந்தால் பார்ப்பதற்கு நன்றாக இருக்கட்டும் என்று ஒரு டீட்டெய்லிங் கடையில் இன்ஜின் பகுதி முழுவதையும் சுத்தம் செய்து பாலிஷ் போடக் கொடுத்தேன். 'ஸ்டீம் மட்டும்தான், தண்ணீர் அடிக்க மாட்டோம்' என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். 4,500 ரூபாய் ஜிபேயில் கட்டினேன், பில் தரவில்லை. மூன்றாம் நாள் அவிநாசி சாலையில் கார் நின்றுவிட்டது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்மில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, 88,000 ரூபாய் ஆகும், வாரண்டியில் வராது என்கிறது சர்வீஸ் சென்டர். கடைக்காரர் என் மனைவி முன்னால் ஒருமையில் பேசினார். என்னைக் கேட்காமல் என் காரின் படத்தை இன்ஸ்டாகிராமில் விளம்பரமாகப் போட்டிருக்கிறார். இப்போது 40,000 தருகிறேன் என்கிறார். சர்வீஸ் அட்வைசர் சொன்னபடி, மழைத் தண்ணீரில் ஓட்டியதாக ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டில்) எழுதி இன்ஷூரன்ஸுக்கும் தெரிவித்துவிட்டோம். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் இன்னும் வரவில்லை. கடைக்காரர், கார் கம்பெனி இருவர் மீதும் வழக்குப் போட்டு ஐந்து லட்சம் கேட்கலாமா?

பதில்: கடைக்காரர் ஒருமையில் பேசியதை விடுங்கள். பில் தராததையும் விடுங்கள். ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் இருக்கும்போது நீங்கள் பணம் கொடுத்துச் சேவை பெற்றவர் என்று காட்டுவது சிரமமில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது, போகிற போக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் ஜாப் கார்டு விஷயம்தான்.

மழைத் தண்ணீரில் ஓட்டியதால் பழுது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நாளை நுகர்வோர் ஆணையத்தில், கடைக்காரர் தண்ணீர் அடித்ததால் பழுது என்று சொல்லப்போகிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வேறு எதையும் தேட வேண்டாம், அந்த ஜாப் கார்டை வரவழைத்தால் போதும். சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுத்தவருடையது என்று எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக இருக்கும்போது அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுவீர்கள்?

'எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் சார்' என்று அட்வைசர் சொல்லியிருப்பார். இதே வாக்கியத்தை நம்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிளெய்ம் மறுக்கப்படும் நாளில் அந்த அட்வைசர் வேறு கிளைக்கு மாறிப் போயிருப்பார், கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கும். 50,000 ரூபாயைத் தாண்டும் மோட்டார் கிளெய்முக்குச் சர்வேயர் வந்தே ஆக வேண்டும். வந்தவர் முதலில் பானெட்டைத் திறப்பார். தேங்கிய தண்ணீரில் ஓடிய வண்டி என்றால் உள்ளே சேறோ மண்படிவோ தெரியும். உங்கள் காரிலோ ரப்பர் குழாயெல்லாம் டிரெஸ்ஸிங் பூசி பளபளவென்று இருக்கிறது. அந்தத் தேதியில் கோவையில் மழை பெய்ததா என்பதை வானிலைப் பதிவில் பார்க்கவும் அவருக்கு அதிக நேரம் ஆகாது. பொய்த் தகவல் என்று கிளெய்மை நிராகரித்தால், இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போனாலும் ஆணையத்துக்குப் போனாலும் அந்த முத்திரை கூடவே வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனி புகார் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவான 318 வரைக்கும் போகலாம். இந்தத் தொகைக்கு அவ்வளவு தூரம் போகிறவர்கள் குறைவு என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆகவே சர்வேயர் வருவதற்கு முன்னால், இன்றைக்கே, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஜாப் கார்டில் உள்ள காரணம் சரியல்ல, இன்ன தேதியில் இன்ன கடையில் இன்ஜின் பகுதியைச் சுத்தம் செய்தார்கள், மூன்றாம் நாள் வண்டி நின்றது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஜாப் கார்டையும் திருத்தச் சொல்லி சர்வீஸ் சென்டருக்கு இன்னொரு மின்னஞ்சல். அட்வைசர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். உண்மையைச் சொன்னால் கிளெய்ம் கிடைக்குமா? 'வெளிக் காரணத்தால் ஏற்பட்ட விபத்து' என்று வாதாடிப் பார்க்கலாம். மின்பழுதுக்கு பாலிசியில் இடமில்லை என்று அவர்கள் பதில் சொல்வார்கள். பாலிசியோடு கூடுதல் பாதுகாப்பாக ஆட்-ஆன் ஏதாவது எடுத்திருந்தால் அதன் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

அடுத்து அந்த இசிஎம். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, பழைய பார்ட்டை சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிட்டு வந்தபின் வக்கீலைத் தேடுவது நம் ஊர் வழக்கம். அப்புறம் எதைக் காட்டி வழக்கு நடத்துவது? இசிஎம்மும் அதன் கனெக்டரும் உங்கள் கைக்கு வர வேண்டும். கழற்றும் நாளை முன்கூட்டியே கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவித்து, வரச் சொல்லுங்கள். வராவிட்டாலும் வீடியோ எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். அந்தக் கடையோடு சம்பந்தமில்லாத ஆட்டோமொபைல் இன்ஜினியர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். சர்வீஸ் சென்டர் வாயால் சொன்ன 'தண்ணீர் இறங்கியிருக்கிறது' என்பது ஆணையத்தில் நிற்காது.

அந்த அறிக்கை உங்களுக்குச் சாதகமாகத்தான் வரும் என்றும் நினைக்காதீர்கள். கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு நன்றாகப் படிந்திருந்தால், இது மூன்று நாளில் வந்ததல்ல, பல வாரமாக ஈரம் இறங்கியிருக்கிறது என்று எதிர்த்தரப்பு சொல்லும். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. மரத்தடியில் நிறுத்தும் கார்களில் அவை இலை அடைத்துக்கொண்டு, மழைத் தண்ணீர் வேண்டாத இடத்துக்கெல்லாம் இறங்கும். உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று எழுதவில்லை. வேப்ப மரத்தடி என்றால் கூண்டில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கோபப்படுகிறீர்கள். எனக்கோ உங்கள் தரப்பில் இருக்கும் சிறந்த ஆவணம் அதுதான். அவருடைய கடையில், அந்தத் தேதியில், உங்கள் காரின் இன்ஜின் பகுதியில் வேலை நடந்தது என்பதை அவரே ஊருக்குச் சொல்லியிருக்கிறார். தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, பிறகு வேண்டுமானால் நீக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று: 'பணம் தராவிட்டால் ரிவ்யூவில் நாறடித்துவிடுவேன்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் இத்தோடு நிறுத்துங்கள். மிரட்டிப் பணம் கேட்டதாக அதையே உங்கள் மீது திருப்புவார்கள்.

கார் கம்பெனியைச் சேர்க்க வேண்டாம். மின்பாகங்கள் மேல் அழுத்தத் தண்ணீர் அடிக்காதீர்கள் என்று காரோடு வரும் கையேடுகளில் பெரும்பாலும் எச்சரிக்கை இருக்கும். உங்கள் கதைப்படியே தவறு வெளியாள் செய்தது. அவர்கள் வக்கீல் வந்து நீண்ட பதிலுரை தாக்கல் செய்வதும், வாய்தா கூடுவதும்தான் மிச்சம்.

ஐந்து லட்சம் கிடைக்காது. பார்ட் விலை, அதன்மேல் மன உளைச்சலுக்கென்று சில ஆயிரங்கள், செலவுத் தொகை: ஜெயித்தாலும் பெரும்பாலும் அவ்வளவுதான். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ம் பிரிவில் புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. ஆணையத்துக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் தீர்ப்பு வருவதற்கும், அதன்மேல் அவர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போவதற்கும் நடுவில் காரை எத்தனை மாதம் ஷெட்டில் நிறுத்துவீர்கள்? விற்க நினைத்த கார் வேறு.

அவர் 40,000 என்று சொல்லியாயிற்று. 55,000 கேளுங்கள், 50,000-க்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பதிலேயே நின்றாலும், அந்த ஜாப் கார்டை வைத்துக்கொண்டு வழக்குக்குப் போகச் சொல்ல மாட்டேன். இதை எழுத எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது, தவறு அநேகமாக அவருடையதுதான்.

சமரசத்திலும் ஒரு பள்ளம் உண்டு. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னொரு பக்கம் இன்ஷூரன்ஸிலும் முழுத் தொகையை வாங்க முடியாது. கிளெய்ம் தரும் கம்பெனிக்கு அந்தப் பணத்தைத் தவறு செய்தவரிடம் வசூலிக்கும் உரிமை வருகிறது. அதை நீங்களே முன்கூட்டி அறுத்துவிட்டால், கொடுக்க மாட்டோம் என்பார்கள், கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்பார்கள். ஆகவே கடைக்காரரோடு முடிப்பதென்றால் கிளெய்மை எழுத்துமூலம் திரும்பப் பெற்றுவிட்டு முடியுங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். செக் கொடுத்தால் பாஸாகும்வரை பழைய இசிஎம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.