பள்ளியில் மனநலக் கல்வி என்றால் என்ன? பதின்பருவத்தில் அது ஏன் தேவை?

மனதுக்கு வரும் நோயின் அறிகுறிகளைத் தெரிந்துகொள்வது, யாரிடம் உதவி கேட்பது என்று அறிந்திருப்பது, கூட இருப்பவருக்குத் துணை நிற்பது. இந்த அடிப்படை அறிவைத்தான் மனநலக் கல்வி தருகிறது.

10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 40 பேர் படிக்கும் வகுப்பில் ஐந்தாறு பேர்! ஆனால் அந்த வயதில் வரும் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வராது. நன்றாகப் படித்த பையன் திடீரென்று எரிந்து விழுவான். ஒரு பெண் தினமும் காலையில், சீருடை போட்டதும், வயிறு வலிக்கிறது என்பாள். வலி நிஜம்தான். நாமோ 'திமிர்', 'சாக்கு' என்று பெயர் வைத்துவிடுகிறோம். பிள்ளைகளும் அதையே நம்பி வாயை மூடிக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

கையில் சூடு பட்டால் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும், பற்பசை தடவக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அதற்காக அவர்கள் டாக்டராகிவிடுவதில்லை. மனநலக் கல்வியும் அப்படித்தான். மத்திய அரசின் இலவச ஆலோசனை எண் 14416 என்பதையும் அந்த வகுப்பிலேயே சொல்லிவிடலாம்.

'தற்கொலையைப் பற்றிப் பேசினால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம்' என்று பலர் பயப்படுகிறார்கள்; அக்கறையோடு நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை, தவிப்பவர் மனம் திறக்கத்தான் உதவுகிறது.