சிப்ஸும் கோலாவும்தான் என் 15 வயது மகளின் மனச்சோர்வுக்குக் காரணமா?

தொடர்பு உண்டு. ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மனம் சோர்ந்தாலும் பசி மாறும், இனிப்பின் பக்கம் கை போகும்.

எது முதலில், உணவா மனச்சோர்வா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுமார் 3,000 பதின்வயதினரிடம் 2005-க்கும் 2008-க்கும் இடையில் ஓர் ஆய்வு நடந்தது. உணவின் தரம் உயர்ந்தவர்களின் மனநலமும் உயர்ந்தது. உணவின் தரம் குறைந்தவர்களுக்கு மனநலமும் சரிந்தது. தொடக்கத்து மனநலத்தை வைத்துப் பிற்கால உணவைக் கணிக்க முடியவில்லை. சரி, இது நிரூபணம் ஆகாது, ஆனாலும் வலுவான தடயம்.

மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம். அந்தக் களைப்பும் எரிச்சலும் மனச்சோர்வு போலவே தெரியும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), சைவமென்றால் வைட்டமின் பி12-உம் பார்த்துவிடுங்கள்.

சிப்ஸுக்காகத் திட்டாதீர்கள். சோகம் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். சாகும் பேச்சு வந்தால் அன்றைக்கே.