பாலாற்றங்கரையில் பனித்துளி

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் வசிக்கிறேன், வங்கி வேலை. மனம் அமைதியடையும் என்று சொன்னார்கள் என்பதால் சில காலமாக இயற்கையைப் பற்றிக் கவிதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் அருவி, பனித்துளி, பசுமை என்றே வருகிறது. படித்தால் எனக்கே பொய்யாக இருக்கிறது. எங்கள் ஊரில் இருப்பது வெயிலும் பாறையும் மணல் ஆறும்தான். இங்கே இருந்துகொண்டு என்ன எழுதுவது?

க., காட்பாடி

அன்புள்ள க.,

அந்தப் பனித்துளி நீங்கள் பார்த்ததல்ல, படித்தது. 40 டிகிரியைத் தாண்டும் காட்பாடி வெயிலில் அது எப்படித் தாக்குப்பிடிக்கும்?

ஒரு நாள் விடிந்ததும் வேலூர்க் கோட்டை அகழிப் பக்கம் போய் நில்லுங்கள். கரையோரம் மடையான் என்ற சிறு கொக்கு இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சேறும் சருகும் கலந்த நிறத்தில், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு குந்தியிருக்கும். நீங்கள் இன்னும் ஓரடி வைத்ததும் எழும்பிப் பறக்கும். அப்போதுதான் இறக்கை முழுவதும் வெள்ளை என்பது தெரியவரும். இவ்வளவு வெள்ளையை இத்தனை நேரம் எங்கே மடித்து வைத்திருந்தது என்று ஒரு கணம் திகைப்பீர்களே, நீங்கள் தேடும் மகிழ்ச்சி அதுதான். அமைதி வந்ததா, வந்ததா என்று உள்ளே பார்த்துக்கொண்டு நின்றால் மடையானைத் தவறவிடுவீர்கள்.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, கபிலருடையது. அவன் என்னைக் கூடிய நாளில் வேறு யாரும் இல்லை, ஒரு குருகு, அதாவது கொக்கு, இருந்தது, அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது என்கிறாள் தலைவி. அவன் பொய் சொன்னால் கதியில்லை என்ற பயத்திலும், குருகின் கால் தினைத்தாள் போலச் சிறுத்துப் பசுமையாக இருந்ததைச் சொல்ல அவள் மறக்கவில்லை. குருகு அவளுக்கு ஆறுதலும் சொல்லவில்லை, சாட்சிக்கும் வரவில்லை. அதன் பாடு அதற்கு. நம் கவிதைகளில் பறவைகள் கவிஞரின் மனநிலைக்கு ஏற்பவே கூவுகின்றன, என்ன செய்வது!

பாலாறு பற்றி ஒரு வார்த்தை. 2021 நவம்பரில் அது கரைபுரண்டு ஓடியபோது எல்லோரும் பாலத்தில் நின்று பார்த்தோம். நீங்கள் அது மணலாகக் கிடக்கும் மாதங்களில் இறங்கி நடங்கள். சீமைக் கருவேலத்தையும் எழுதுங்கள். ஆறு அழுகிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மணல் அள்ளியதும் தோல் கழிவைக் கலந்ததும் மனிதர்கள். ஆற்றை அழவிட்டால் அவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

எழுதியவற்றைக் கிழிக்க வேண்டாம். அழகு, அமைதி, மௌனம் என்று வரும் இடங்களை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். ஒரு வரி தேறினாலும் எனக்கு அனுப்புங்கள்.