சுவான்சோவில் ஒரு விடுப்பு நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். ஆசிரியர் பரிமாற்றத்தில் மூன்று மாதத்துக்குச் சீனாவின் சியாமெனுக்கு வந்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு. போன வாரம் சக ஆசிரியர்களோடு ஒரே நாளில் ஏழு இடம் பார்த்தோம். செல்பேசியில் முந்நூறு படம் இருக்கிறது, மனதில் ஒன்றும் நிற்கவில்லை. பக்கத்து ஊரான சுவான்சோவில் சோழர் கட்டிய சிவன் கோயில் இருப்பதாக அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். உண்மையா? அங்கே போனால் சீனப் பண்பாட்டைப் பார்த்ததாகுமா, நம்முடையதையே தேடிப் போனதாகிவிடுமா?

ஒரு வாசகி, சியாமென்

அன்புள்ள ஆசிரியைக்கு,

கட்டாயம் போங்கள். விரைவு ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தை ஒட்டிய பயணம்தான். ஆனால் கோயிலைத் தேடாதீர்கள், அது இன்று இல்லை. சோழர் கட்டியதும் அல்ல. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் காலம் 1281. அப்போது நம் பக்கம் சோழராட்சி முடிந்து பாண்டியர் கை ஓங்கியிருந்தது. சீனாவில் மங்கோலியரின் யுவான் ஆட்சி. தவச்சக்கரவர்த்திகள் என்ற பட்டமுள்ள சம்பந்தப் பெருமாள், செகசைகானின் உடல்நலம் வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது கல்வெட்டு. தமிழ் வரிகளுக்கு அடியில் ஒரு வரி சீனம். செகசைகான் என்பது அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் பட்டப்பெயர் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள், போன ஊரை ஆள்பவன் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் படையெடுப்புக் கதையைவிடவும் எனக்கு இது நெருக்கமாக இருக்கிறது.

கோயில் போய்விட்டது, கற்கள் இருக்கின்றன. காய்யுவான் விகாரைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். 686இல் தொடங்கிய பௌத்தக் கோயில் அது. வளாகத்தின் இரண்டு கல் கோபுரங்களும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கிழக்குக் கோபுரத்தின் உயரம் 48 மீட்டர். நடு மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வாருங்கள். பதினாறு பட்டையுள்ள இரண்டு தூண்கள் நிற்கும். ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பாருங்கள். நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தியிருப்பார். உரலை இழுத்துக்கொண்டு கண்ணன் மருதமரங்களுக்கு நடுவே போவான். நான் போயிருந்தபோது ஒரு பாட்டி புகையும் ஊதுவத்திகளோடு அந்தத் தூண்களைக் கடந்து புத்தரிடம் போனார். சிவன் கோயில் கற்களைப் பிற்காலத் திருப்பணியில் எடுத்து, கோணாமல், மூளியாக்காமல், தங்கள் புத்தருக்கே தூணாக நிறுத்தியிருக்கிறார்கள். கண் கலங்கியது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்த மண்டபத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. உள்ளே போய் மேலே பாருங்கள். உத்திரங்களைத் தாங்கும் இடத்தில் சிறகு விரித்த 24 மரப் பதுமைகள், சிலவற்றின் கையில் இசைக்கருவிகள். அந்த ஊரில் நான்யின் என்றொரு பழைய இசை இன்றும் உயிரோடு இருக்கிறது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சீனத்தின் மற்றப் பகுதிகளில் பீப்பா என்ற நரம்பு வாத்தியத்தை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார்கள். நான்யின் கலைஞர்கள் பழைய முறைப்படி மடியில் கிடையாக வைத்துக்கொள்கிறார்கள். கன்பூசியஸ் கோயில் பக்கம் மாலையில் கச்சேரி இருக்கிறதா என்று விசாரியுங்கள். கட்டையால் தாளம் தட்டிக்கொண்டு ஒருவர் பாடுவார். மிக மெதுவான பாட்டு. முதல் பத்து நிமிடம் பிடிபடாது, எழுந்துவிடாதீர்கள்.

நேரமிருந்தால் மதியம் வாடகைக் காரில் சேதியான் கிராமத்துக்குப் போகலாம். அங்கே ஒரு சின்னக் கோயிலில் நம் சிற்பிகளின் உளி பட்ட அம்மன் ஒருத்தி இருக்கிறாள், காலடியில் அசுரன். ஊரார் அவளைப் பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் என்று கும்பிடுகிறார்கள். அவர்களிடம் போய் "இது எங்கள் அம்மன்" என்று திருத்த வேண்டாம். அவளுக்கு இன்று விளக்கேற்றுகிறவர்கள் அவர்கள். பழம் வாங்கிக்கொண்டு போங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

வழியில் ஒரு மரத்தையும் கவனியுங்கள். அராபியரும் மார்க்கோ போலோவும் இந்த ஊரை சைத்தூன் என்றார்கள். சிதோங் என்ற மரத்தின் பெயரிலிருந்து வந்தது அது. 10ஆம் நூற்றாண்டில் கோட்டைச் சுவரைச் சுற்றி நட்டார்களாம். நம் கொல்லையில் வெற்றிலைக்கொடி படர நடுவோமே, சளி பிடித்தால் இலையைப் பறித்து அடை தட்டுவோமே, அந்தக் கல்யாண முருங்கைதான்.

அருங்காட்சியகம், மசூதி, சிப்பிகளை வளர்த்து அடித்தளத்தைக் கெட்டிப்படுத்திய 11ஆம் நூற்றாண்டின் லோயாங் பாலம், தலையில் பூவளையம் சூடும் சுன்பு மீனவப் பெண்கள் எல்லாவற்றையும் அடுத்தடுத்த வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் இருக்கிறதே.

ரயிலுக்கு முன் ஒரு தேநீர்க் கடையில் உட்காருங்கள். பக்கத்து அன்சி மலையில் விளையும் தியேகுவான்யின் தேநீர் கேளுங்கள். உள்ளங்கையில் அடங்கும் கிண்ணத்தில் திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மலையாளிகளின் சாயா, சீனத்தின் 'சா'விலிருந்து வந்தது. ஆனால் இந்த வட்டாரத்து மின்னான் மொழியில் தேநீருக்குப் பெயர் 'தே'. டச்சுக்காரரின் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போன சொல் அது. நம்மிடம் தேயிலையாக வந்து சேர்ந்த சொல் அதுதான். கடைக்காரரிடம் 'தே' என்று சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்.