40 வயதைத் தாண்டிய மார்க்கெட்டிங் ஆட்களை வயது பார்த்து ஒதுக்குகிறார்களா? வேறு வேலைக்கு மாறுவது எப்படி?

கேள்வியின் சாரம்: மார்க்கெட்டிங்கில் 18 ஆண்டு அனுபவம், வயது 44, பெரும்பாலும் பிராண்ட் வேலை. ஆட்குறைப்பில் வேலை போய், மாதக்கணக்கில் விண்ணப்பித்தும் பதில் இல்லை. வயதுதான் காரணமா, துறையையே மாற்றிவிடலாமா?

வயதும் காரணம்தான். "துடிப்பான இளம் அணி", "3 முதல் 5 ஆண்டு அனுபவம் மட்டும்" என்றெல்லாம் விளம்பரம் வந்தால் அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வயது என்ற ஒரே பெயருக்குள் மூன்று தயக்கங்கள் இருக்கின்றன. இவர் கேட்கும் சம்பளம் நமக்குக் கட்டுப்படியாகுமா? இப்போதைய கருவிகளில் இவருக்குக் கை ஓடுமா? பத்து வயது சிறிய மேலாளர் சொன்னால் கேட்பாரா? மூன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் ரெஸ்யூமையே திருப்பித் திருப்பி மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கடைசியாக அனுப்பிய 30 விண்ணப்பங்களை ஒரு ஷீட்டில் போட்டு, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நின்றது என்று குறியுங்கள். அழைப்பே வரவில்லை என்றால் கோளாறு ரெஸ்யூமில், அல்லது குறிவைக்கும் பதவியின் மட்டத்தில். எச்ஆருடன் முதல் பேச்சோடு நின்றால் பெரும்பாலும் சம்பளம். அணித் தலைவரைச் சந்தித்த பிறகு நின்றால் கருவி அறிவு, அல்லது "இவரை வைத்து வேலை வாங்க முடியுமா" என்ற பயம். கடைசிச் சுற்றுவரை போய் நிற்பவர்களுக்கு நான் எதையும் மாற்றச் சொல்லமாட்டேன்.

ரெஸ்யூமில் பிறந்த ஆண்டைவிட வயதைக் காட்டிக்கொடுப்பது பழைய பெயர்கள். "கூகுள் ஆட்வேர்ட்ஸ்" 2018-லேயே கூகுள் ஆட்ஸ் ஆகிவிட்டது. கூகுளின் பழைய இணையதளப் புள்ளிவிவரக் கருவியான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் தரவு சேகரிப்பதை நிறுத்திவிட்டது. மின்னஞ்சல் ஓப்பன் ரேட்டை (அஞ்சலைத் திறந்தவர்களின் விகிதம்) சாதனையாக எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 2021-ல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பைப் போட்டிருப்பவர் அஞ்சலைத் திறக்காவிட்டாலும் திறந்ததாகக் கணக்கு காட்டும். அந்த எண்ணை இன்னும் பெருமையாகச் சொல்பவர் களத்தில் இல்லை என்று அணித் தலைவர் ஒரே வரியில் முடிவு கட்டிவிடுவார். கிளிக்கும் விற்பனையும் எழுதுங்கள்.

கடைசி 10–12 ஆண்டுகளை மட்டும் விரிவாக எழுதினால் போதும். அதற்கு முந்தையவை ஒரே வரியில். பட்டம் வாங்கிய ஆண்டை விட்டுவிடலாம். "18 ஆண்டுக்கும் மேற்பட்ட அனுபவம்" என்று முதல் வரியில் தொடங்க வேண்டாம். ஆனால் தேதிகளைத் திருத்தாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் லிங்க்ட்இனும் ரெஸ்யூமும் ஒத்துப்போகாவிட்டால் கையில் வந்த ஆஃபரும் போகும்.

சான்றிதழ்கள் பற்றி: கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் தேர்வை இலவசமாகவே எழுதலாம், ஆட்ஸ் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும். ரெஸ்யூமில் ஒரு வரிக்கு ஆகும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். கை வேலை காட்ட ஒரு சிறிய தளம் எடுத்து அதில் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ஐ (யுனிவர்சலுக்குப் பதிலாக வந்தது) டேக் மேனேஜர் என்ற கூகுள் கருவி வழியாகப் போடுங்கள். படிவம் நிரப்புவதை ஒரு நிகழ்வாகப் பதிந்து, அதை முக்கிய நிகழ்வாகக் குறித்து, சிறு தொகைக்கு விளம்பரம் ஓட்டுங்கள். அமைப்பில் தரவு வைத்திருக்கும் காலம் தானாக 2 மாதம் என்றே இருக்கும். முதல் நாளே அதை 14 மாதமாக மாற்ற வேண்டும். இதை விட்டுவிட்டு, போன ஆண்டோடு ஒப்பிட எக்ஸ்ப்ளோரேஷன் என்ற அலசல் பகுதியைத் திறக்கும்போது கையைப் பிசைபவர்கள் ஏராளம். தரவை கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்கு அனுப்பி, தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் நாலு கேள்வி கேட்கப் பழகினால் இன்னும் நல்லது. பொறுமையாகச் செய்தால் எட்டுப் பத்து வாரத்து வேலை.

இதெல்லாம் வாசலைத் தாண்டத்தான். உள்ளே போனபின் இருபத்தைந்து வயதுக்காரரோடு பட்டன் தட்டுவதில் போட்டி போடாதீர்கள். விளம்பர ஏலத் தொகை நிர்ணயிப்பதில் பாதிக்கு மேல் இப்போது இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. மூத்தவருக்கு விலை இருப்பது எண்ணைச் சந்தேகிக்கத் தெரிவதில்.

நேர்காணலில் "ஏ/பி சோதனை செய்திருக்கிறீர்களா" (ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களைப் பிரித்துக் காட்டி எது அதிகம் விற்கிறது என்று பார்ப்பது) என்று கேட்பார்கள். எல்லாரும் "செய்திருக்கிறேன்" என்பார்கள். நீங்கள் கணக்கைச் சொல்லுங்கள்: பக்கத்துக்கு வருபவர்களில் 2% பேர் வாங்குகிறார்கள், அது 2.5% ஆகிறதா என்று நம்பிக்கையோடு சொல்ல, வழக்கமான 80% திறன் (உண்மையான வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு), 5% பிழை (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) அளவில், ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 14,000 பேர் வர வேண்டும். ஒரு நாளைக்கு 500 பேர் வரும் தளத்தில் இரண்டு வடிவத்துக்கும் சேர்த்து எட்டு வாரம். இரண்டே நாளில் "வெற்றி" என்று அறிவித்த சோதனைகள் பெரும்பாலும் தற்செயல் ஏற்ற இறக்கம்தான். அதேபோல ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 3,000 செலவாகி, அவர் மாதம் 500 தந்தால், ஆறு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்பார்கள். மொத்த லாப விகிதம் 60% என்றால் மாதம் கையில் நிற்பது 300. திரும்பப் பத்து மாதம். அந்தப் பத்து மாதத்துக்குள் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. இப்படிப் பேசுகிறவரிடம் வயதைப் பற்றிய பேச்சு வருவது குறைவு.

சிறிய வயது மேலாளர் கேள்விக்கு "எனக்குப் பிரச்சினையில்லை" என்ற பதிலை யாரும் நம்புவதில்லை. இளையவர் ஒருவர் எடுத்த முடிவில் உங்களுக்கு உடன்பாடில்லாமல் போனது எது, அதை எங்கே சொன்னீர்கள், பிறகு எப்படி நடைமுறைப்படுத்தினீர்கள் என்று ஒரு சம்பவமாகச் சொல்லுங்கள். சம்பளத்தில், உங்கள் பழைய தொகையைச் சொல்லுமுன் "இந்தப் பதவிக்கு ஒதுக்கிய வரம்பு என்ன" என்று கேட்டு, அது ஒத்துவந்தால் அங்கேயே அப்படிச் சொல்லிவிடுங்கள். கேட்காமலேயே "குறைத்துக்கொள்கிறேன்" என்று முந்துவது எடுபடாது. கிடைத்ததும் ஓடிவிடுவார் என்றே நினைப்பார்கள்.

மாறுவது என்று முடிவெடுத்தால், பணியையும் தொழில்துறையையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். மருந்துப் பொருள்களுக்கு பிராண்ட் பார்த்தவர் அதே மருந்துத் துறையில் புராடக்ட் மார்க்கெட்டிங்கோ விற்பனையாளர் பயிற்சியோ பார்க்கலாம். அல்லது பிராண்ட் வேலையையே மருத்துவக் கருவித் துறைக்குக் கொண்டுபோகலாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் புதியவர் சம்பளம்தான். பிராண்ட் ஆட்களுக்கு அருகில் இருப்பவை புராடக்ட் மார்க்கெட்டிங், விலை நிர்ணயம், கஸ்டமர் சக்சஸ் (வாங்கிய வாடிக்கையாளர் பயன்பெற்றுத் தொடர உதவுவது). எக்ஸெல்லில் வாழ்பவர்களுக்கு மார்க்கெட்டிங் ஆபரேஷன்ஸ் (மார்க்கெட்டிங் அணியின் கருவி, தரவு, நடைமுறைகளைப் பார்ப்பது). நிறுவனங்களுக்கு விற்கும் நிறுவனங்களில் நரை ஒரு குறையாகத் தெரிவதில்லை, வாங்குபவரும் அதே வயதுக்காரர். சோஷியல் மீடியா ஏஜென்சிகளின் கதவை நான் கடைசியாகத்தான் தட்டச் சொல்வேன்.

தனியாக ஆலோசனை செய்யப் போகிறவர்கள் தவறுவது கட்டணக் கணக்கில். ஆண்டில் 260 வார நாள். விடுப்பு போக 220. அதில் பாதிதான் பில் போட முடியும், மீதி வாடிக்கையாளர் தேடவும் பேசவும் வசூலிக்கவும் போகும். பழைய சம்பளத்தோடு காப்பீடு, ஓய்வுக்கால சேமிப்பு, கருவிச் செலவுக்கு 25–30% கூட்டி, 110-ஆல் வகுத்தால் ஒரு நாள் கட்டணம். 260-ஆல் வகுப்பவர் வர வேண்டியதில் பாதிகூட வாங்கமாட்டார். வேலையின் எல்லை, எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தை அதிகம் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 1967-ல் வந்த சட்டப்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வயது இல்லாவிட்டால் இந்த முடிவு வந்திருக்காது என்று வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2009-ல் சொல்லிவிட்டது. பிரிட்டனின் 2010 சட்டம் எல்லா வயதினருக்கும் பொருந்தும். வேலை தர மறுத்த வழக்கில் ஆதாரம் கிடைப்பது அரிது. வேலையிலிருந்து நீக்கும்போது கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆட்குறைப்புப் பேச்சு வந்தால் யாரையெல்லாம் வேலையைவிட்டு எடுத்தார்கள், அவர்கள் வயது என்ன, உங்கள் மதிப்பீட்டு அறிக்கை என்ன சொன்னது என்று தேதியோடு குறித்துவையுங்கள். விடுவிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கையெழுத்திட்டபின் வழக்கு போடும் உரிமையே போய்விடக்கூடும்.