கட்டம் வைத்துப் பரப்பளவு: கேள்வி பதில்

மூன்றாம் வகுப்புக்குப் பரப்பளவு தொடங்கப் போகிறேன். நீளம் × அகலம் என்று முதலிலேயே சொல்லிவிடலாமா?

வேண்டாம். சூத்திரம் முதலில் வந்துவிட்டால், இரண்டு எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் பெருக்கிவிடுவார்கள். எதை அளக்கிறோம் என்பது மனதில் பதியாது. 'எல்' வடிவத்தைக் கொடுத்துப் பாருங்கள், அங்கேயே நின்றுவிடுவார்கள். முதல் சில வகுப்புகள் மூடி எண்ணும் வேலையாகவே இருக்கட்டும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 5 செ.மீ. சதுரங்கள் வெட்டுங்கள். 1 செ.மீ. துண்டு சின்ன விரலுக்குச் சிக்காது. 20 × 15 செ.மீ. தாளில் மிச்சமில்லாமல் 12 அட்டை உட்காரும். விடையை '12 அட்டை' என்றே சொல்ல வையுங்கள், சதுர செ.மீ. பிறகு வரட்டும்.

சதுரம்தான் வேண்டுமா? காசு, பொத்தான் ஆகாதா?

ஒருமுறை காசை அடுக்க விடுங்கள். நேர்வரிசையில் வைத்தால் ஏறக்குறைய 21 சதவீத இடம் மூடாமலே கிடக்கும்; அந்தச் சந்துகளைப் பிள்ளைகளே காட்டுவார்கள். சமபக்க முக்கோணம் சந்தில்லாமல் மூடும், ஆனால் செவ்வகத்தின் ஓரத்தில் துண்டுபடும்.

ஒரே தாளுக்கு என் மகள் ஒருமுறை 11, இன்னொருமுறை 13 என்கிறாள்.

அடுக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். அட்டை ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் எண்ணிக்கை கூடும், சந்து விட்டால் குறையும். அடுக்கியது சரி என்றால் எண்ணுவதில்தான் பிசகு: ஓரமாகச் சுற்றி எண்ணும் பிள்ளை எங்கே தொடங்கினோம் என்பதை மறந்துவிடும். ஒவ்வொரு அட்டையிலும் பென்சிலால் எண் எழுதி, வரிசை வரிசையாகப் போகட்டும்.

5 × 3 கட்டத்துக்கு என் பையன் 10 என்கிறான். பெருக்கல் நன்றாகத் தெரியும்.

பெருக்கலில் தவறில்லை, மூலைக் கட்டத்தில்தான். மேலே 5 எண்ணினான். பக்கவாட்டில் இறங்கும்போது மூலையை ஏற்கெனவே எண்ணிவிட்டதால் அதை விட்டு 2 என்றான். 5 × 2 என்று பெருக்கிவிட்டான். மிகவும் பரவலான தவறு இது. 'நீளம் எத்தனை, அகலம் எத்தனை' என்று கேட்காதீர்கள். 'ஒரு வரிசையில் எத்தனை? இப்படி எத்தனை வரிசை?' என்று கேளுங்கள். வரிசைக்கு ஒரு நிறம் பூசட்டும். அது பழகியதும் 7 அட்டை மட்டும் கொடுங்கள்: மேல் வரிசைக்கு 5, இடது ஓரத்தில் கீழே 2. காலி இடத்தில் வரக்கூடிய கட்டங்களை அவன் கோடு போட்டு நிரப்ப வேண்டும். கோடுகள் நேராகச் சேர்ந்தால் வரிசை புரிந்துவிட்டது என்று பொருள். தனித்தனிப் பெட்டியாக, கோணல்மாணலாக வரைந்தால் இன்னும் சில நாள் அட்டையே போதும்.

சுற்றளவோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

12 அட்டையைக் கொடுத்து எல்லாச் செவ்வகமும் செய்யச் சொல்லுங்கள். அட்டையின் ஒரு பக்கம்தான் அளவு. 3 × 4 சுற்றளவு 14, 2 × 6 சுற்றளவு 16, 1 × 12 சுற்றளவு 26. பரப்பளவு மட்டும் அசையாது. 4 × 4, 3 × 6 இரண்டையும் தொடக்கத்தில் தவிருங்கள். அவற்றில் இரண்டு விடையும் ஒரே எண்ணாக வந்து குழப்பத்தை உறுதிப்படுத்திவிடும்.

இலையின் பரப்பளவில் அரைகுறைக் கட்டங்களை என்ன செய்வது?

1 செ.மீ. கட்டத்தாளில் இலையைச் சுற்றி வரையுங்கள். முழுக்கட்டம் 1, பாதியோ அதற்கு மேலோ இருந்தால் 1, பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடலாம். விடையைத் 'தோராயமாக' என்று சேர்த்தே எழுத வேண்டும்.

1 சதுர மீட்டர் என்றால் 100 சதுர செ.மீ. என்றே எழுதுகிறார்கள்.

செய்தித்தாளை ஒட்டி 1 மீட்டர் சதுரம் செய்து தரையில் விரியுங்கள். ஓர் ஓரத்தில் மட்டும் 1 செ.மீ. கட்டங்கள் வரைந்தால் ஒரு வரிசைக்கே 100 ஆகிவிடும். அப்படி 100 வரிசை, ஆக 10,000.